ஹெட்மாஸ்டர் வரட்டும் என்று விஷம் காத்திருக்குமா?

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என்னென்ன கேட்கிறோம்? பாஸ் பர்சென்டேஜ் எவ்வளவு, இங்கிலீஷ் நன்றாகச் சொல்லித் தருவார்களா, வேன் வீட்டு வாசலுக்கே வருமா, ஃபீஸை எத்தனை தவணையில் கட்டலாம்... எல்லாம் கேட்போம். 'என் பிள்ளை கிளாசில் மயங்கி விழுந்தால் முதல் பத்து நிமிஷத்தில் யார், என்ன செய்வீர்கள்?' என்று மட்டும் கேட்க மாட்டோம். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் அபசகுனமாக எதற்கு என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது டவுனில் இருக்கிற நமக்குச் சட்டென்று தெரியாது. நாலு தெரு தள்ளி நர்சிங் ஹோம், கூப்பிட்டால் ஆட்டோ. ஆனால் ஜவ்வாது மலைக்குப் போய்ப் பாருங்கள். தெரியும்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிற மலை அது. சாமையும் தேனும் பலாவும் விளைகிற ஊர். மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சின்னச் சின்னக் கிராமங்கள். போளூரிலிருந்து மலையின் முக்கிய ஊரான ஜமுனாமரத்தூருக்கு சுமார் 40 கிலோமீட்டர். அதிலும் கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிள்ளைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அப்பா, அம்மா கூலி வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள். மலையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. ஆனால் வென்டிலேட்டர் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலைமை வந்தால் திருவண்ணாமலை, வேலூர் என்று கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். அங்கே டாக்டருக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்பது பணம் மட்டுமில்லை, நேரம்.

'நமக்கென்ன, நாம் சென்னையில்தானே இருக்கிறோம்?' என்று நினைக்காதீர்கள். காவலூர் வானாய்வகத்தைப் பார்க்க, கேம்ப் போட என்று நம் வீட்டுப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி அந்த மலைக்குத்தான் அனுப்புகிறோம்!

ராத்திரி வந்த வயிற்று வலி

ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணி. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பையன் எழுந்து வந்து, "சார், வயிறு வலிக்குது" என்கிறான். "கண்டதைத் தின்னுருப்ப. பேசாம படுடா, காலையில பார்த்துக்கலாம்" என்று ஒரு ஜெலுசில் கொடுத்து அனுப்புகிறார் வார்டன். அவர் கெட்டவர் இல்லை. நாமும் அதைத்தான் செய்வோம்.

ஆனால் கட்டுவிரியன் என்று ஒரு பாம்பு உண்டு. பெரும்பாலும் ராத்திரியில், தரையில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். கடித்த இடத்தில் வலி இருக்காது. வீக்கம் இருக்காது. பல் பட்ட தடம்கூடச் சில சமயம் தெரியாது. முதலில் வருவது வயிற்று வலியும் வாந்தியுமாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் கண் இமை தானாகச் சொக்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், அப்புறம் மூச்சு. தூக்கக் கலக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

மலைப் பகுதி விடுதியில் ராத்திரி வயிற்று வலி என்று ஒரு பிள்ளை எழுந்து வந்தால், டார்ச் அடித்து முதலில் கண் இமையைப் பார்க்க வேண்டும். 'கண்ணை அகலத் திற, எச்சிலை விழுங்கு' என்று சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் உடனே வண்டி. முடிந்தாலும் அவனைத் தனியே படுக்க அனுப்பாமல் பக்கத்திலேயே வைத்து அடிக்கடி பார்க்க வேண்டும். இதற்கு எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டியதில்லை. யாராவது ஒரு முறை சொல்லித் தந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது ஏதோ அபூர்வமான சங்கதி இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர்! பாம்புக்கடி நேர்ந்தால் அரசுக்குக் கட்டாயம் தகவல் தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. ஜவ்வாது மலையை ஒட்டி, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கத்தில் இருக்கிறது அல்லேரி மலை. அங்கே 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பாதை சரியில்லாமல் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, பெற்ற தாய் அந்தச் சின்ன உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்காதவர்கள் யார்?

வயநாட்டில் நடந்தது

அது வீட்டில் நடந்தது. பள்ளிக்கூடத்திலேயே நடந்ததும் உண்டு. 2019 நவம்பர் 20. கேரளத்தின் வயநாடு மாவட்டம் சுல்தான் பத்தேரியில் ஓர் அரசுப் பள்ளி. ஐந்தாம் வகுப்புச் சிறுமி. வகுப்பறைச் சுவரோரம் இருந்த பொந்தில் கால் பட்டது. பாம்பு கடித்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அப்பா வரட்டும் என்று காத்திருந்தார்கள் என்பதுதான் கூடப் படித்த பிள்ளைகள் சொன்ன குற்றச்சாட்டு. அப்பா வந்தார். அதன்பிறகு ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. ஓர் ஆசிரியரும் ஓர் அரசு டாக்டரும் சஸ்பெண்ட் ஆனார்கள். கேரளம் முழுக்கப் பள்ளிகளில் பொந்து, புதர் எல்லாவற்றையும் அடைக்கவும் வெட்டவும் ஆரம்பித்தார்கள்.

சஸ்பெண்ட் செய்வதோடு விஷயம் முடிந்துவிடுமா? அந்த ஆசிரியர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அநேகமாக அவரும் காத்திருந்திருப்பார். ஏனென்றால் நம் பள்ளிக்கூடங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது: 'முதலில் ஹெட்மாஸ்டரிடம் சொல்லு, அவர் பெற்றோருக்குச் சொல்லுவார், அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.' காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் இது சரி. விஷத்துக்கு இது சரிப்படுமா?

செத்த பிறகுதான் சட்டமா?

2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிஞ்சுகள் கருகின. அதன்பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகளை அகற்றினோம். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். ஹைகோர்ட் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. கூரைக்குச் சட்டம் வந்தது, பஸ்ஸுக்குச் சட்டம் வந்தது. இரண்டும் பிள்ளைகளைப் பலி கொடுத்த பிறகு.

பள்ளிப் பாதுகாப்புக்கென்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-லும், மத்திய கல்வி அமைச்சகம் 2021-லும் வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கின்றன. ஆனால் பல பக்க வழிகாட்டுதல் ஆபீஸ் பீரோவில் இருந்து என்ன பயன்? பிள்ளை வலிப்பு வந்து விழும்போது எந்த டீச்சர் பீரோவைத் திறப்பார்? ஒரே ஒரு தாள் போதும். அது சுவரில் இருக்க வேண்டும். அதன் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும்:

'முதலில் வண்டி. அப்புறம் தகவல். அனுமதி கேட்கக் காத்திருக்க வேண்டாம்.'

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்?

1. யார் முதலில் பார்க்கிறாரோ அவரே பொறுப்பு. பி.டி. மாஸ்டரோ, சத்துணவு ஆயாவோ, வாட்ச்மேனோ... யாராக இருந்தாலும் வண்டியைக் கூப்பிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஹெட்மாஸ்டருக்குச் சொல்வது இரண்டாவது.

2. இரண்டு வண்டி. 108 சேவை தமிழ்நாட்டில் 2008-லிருந்து இருக்கிறது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் மலையில் அது வந்து சேர நேரம் ஆகலாம். அதனால் உள்ளூரில் ஜீப், வேன் வைத்திருக்கும் இரண்டு பேரின் நம்பர் வேண்டும். 108-க்குச் சொல்லிவிட்டு உள்ளூர் வண்டியில் புறப்பட்டு, வழியில் ஆம்புலன்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்த இடத்தில் சந்திப்பது என்றுகூட முன்பே முடிவு செய்து வைக்கலாம்.

3. செல்போன் எங்கே எடுக்கும்? மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது. 'வாட்டர் டேங்க் பக்கத்தில் நின்றால் லைன் கிடைக்கும்' என்று எழுதி வைத்தால், பதற்றத்தில் அங்குமிங்கும் ஓட வேண்டாம்.

4. மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் வண்டியில் போனால் ஒருவர்தான் மிச்சம். ஒரே ஆசிரியர் என்றால்? பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களில் இரண்டு பேரிடம் முன்பே பேசி வைக்க வேண்டும்.

5. எந்த ஆஸ்பத்திரி? பாம்பு விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா என்று பள்ளி திறக்கும் ஜூன் மாதமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஷமுறிவு மருந்தைப் பள்ளியிலேயே வாங்கி வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அந்த மருந்தே சிலருக்குக் கடும் அலர்ஜியை உண்டாக்கும். டாக்டர் கண்ணெதிரேதான் போட வேண்டும்.

செய்வதைவிட செய்யாமல் இருப்பது முக்கியம்

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கொலுசு, வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்கேலோ குச்சியோ வைத்து, எலும்பு முறிந்த கையைக் காலைப் போல அசையாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். பிள்ளையை நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடி அடிக்க ஓட வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு கொடுப்பதை விட்டுவிடுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பெஞ்சை நகர்த்தி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

தேனீ கொட்டி, உதடு, முகம் வீங்கி மூச்சு இரைத்தால் அதுவும் ஓட வேண்டிய அவசரம்தான். ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலரை ஆபீஸ் ரூமில் பூட்டி வைக்காதீர்கள். அது பிள்ளையின் பையில் இருக்கட்டும்.

ஆசிரியர் பயப்படுவது நியாயம்தானே?

"சும்மா இருந்தா ஒரு மெமோவோட போகும். தூக்கிட்டு ஓடி, வழியில ஏதாவது ஆயிட்டா? பெத்தவங்க என் சட்டையைப் பிடிப்பாங்க!" ஆசிரியர்கள் இப்படி நினைத்தால் அதில் தப்பில்லை. நாமும் அப்படிச் செய்கிறவர்கள்தான். பிள்ளைக்கு முட்டியில் சிராய்த்தால்கூட, "யாரைக் கேட்டு ஊசி போட்டீங்க?" என்று சண்டைக்குப் போகிறோம். அந்தச் சண்டையைப் பார்த்த ஆசிரியர் அடுத்த தடவை நம் போனுக்காகக் காத்திருக்கத்தானே செய்வார்?

எனவே முதல் மாற்றம் நம்மிடமிருந்து வர வேண்டும். பள்ளியில் சேர்க்கும் அன்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுப்போம்: 'உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எங்களைக் கேட்காமலே பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். சம்மதம்.' அதிலேயே பிள்ளையின் ரத்தப் பிரிவு, ஆகாத மருந்து, வலிப்பு, சர்க்கரை, இருதயக் கோளாறு எல்லாவற்றையும் எழுதுவோம். பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம் தடைப்படும் என்று மறைக்கிற தாய்மார்கள் இன்றும் உண்டு. அம்மா, மறைத்தால் ஆபத்து உங்கள் மகளுக்குத்தான்!

மலையில் கூலி வேலைக்குப் போயிருக்கும் பெற்றோருக்கு இந்தக் கடிதம் இன்னும் முக்கியம். அவர்களை எங்கே தேடிப் பிடித்து அனுமதி வாங்குவது? எழுதத் தெரியாதவர்களுக்கு ஆசிரியரே படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கி வைக்கலாம். அரசாங்கமும் தன் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும். நல்ல எண்ணத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆசிரியர்மேல் நடவடிக்கை இல்லை என்று எழுத்து மூலம் சொல்ல வேண்டும். சாலை விபத்தில் உதவுகிறவர்களுக்கு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திப் பாதுகாப்பு கொடுத்தோமே! பள்ளி ஆசிரியருக்குக் கொடுத்தால் என்ன?

ஜவ்வாது மலைக்கு நல்ல சாலை வர வேண்டும், மலையிலேயே பெரிய ஆஸ்பத்திரி வர வேண்டும். அதற்கெல்லாம் கோடிகள் வேண்டும், வருஷங்கள் ஆகும். அதுவரை பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சுவரில் ஒட்ட ஒரு தாள், பீரோவில் ஒரு கடிதக் கட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை அழைத்து ஆசிரியர், ஆயா, வாட்ச்மேன் எல்லோருக்கும் பயிற்சி. இதற்கு எத்தனை கோடி வேண்டும்?

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்து நின்று, "சார், அந்தத் தாள் எங்கே ஒட்டியிருக்கிறது?" என்று கேளுங்கள். இல்லை என்றால், நீங்களே ஒரு பேனாவை எடுத்து எழுத ஆரம்பியுங்கள்.