எப்போது ஊதுகிறது?

காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டுமென்று டாக்டர் சௌரி முத்து 1928-இல் சானடோரியம் அமைத்த ஊர் தாம்பரம். அந்த ஊரில், போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஒரு தெரு முழுக்க நீலப் புகை விட்டவன் நான். எதிர்வீட்டு மாமி கோலப்பொடிக் கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அப்பாவின் 1988 மாடல் புல்லட். அப்போதுதான் இன்ஜின் வேலை முடிந்திருந்தது. போர் போட்டு, நாற்பது ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது வால்வு கைடு. செலவைச் சொல்லமாட்டேன், இந்தப் பத்தியை வீட்டிலும் படிக்கிறார்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இது டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். எந்த வழியாக வந்து எரிகிறது என்பதில்தான் தகராறு. லேத்தில் போரை லூஸாக விட்டுட்டான் என்றார் ஒருவர். ரிங்கைத் தலைகீழாப் போட்டிருப்பான் என்றார் இன்னொருவர். வேலை பார்த்த பையனோ, சட்டையைக் கழற்றச் சொல்வதுபோல, "மறுபடி இறக்கிடலாம் சார்" என்றான்.

இறக்குவதற்கு முன்னால் முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். புல்லட் தவிர வேறு வண்டியைத் தொடாதவர். ஸ்பேனரை எடுக்கவே இல்லை.

"எப்ப ஊதுது சார்?"

ரிங் கோளாறு என்றால் பாலம் ஏறும்போது முறுக்க முறுக்கப் புகை கூடவே வருமாம். கைடு என்றால் ஆக்ஸிலரேட்டரை மூடிப் பாலம் இறங்கும்போது சிலிண்டர் ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கீழே வந்து முறுக்கியதும் ஒரு கொத்தாகக் கக்குமாம். கடைப் பையனை ஸ்கூட்டியில் பின்னால் வரச்சொல்லிப் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். இரண்டுமில்லை. வாரம் முழுக்க நின்ற வண்டியைக் கிளப்பினால் மட்டும்தான் புகை; பத்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

"அப்ப வண்டிய இங்கயே வுட்டுட்டுப் போங்க சார், நாலு நாள். யாரும் உதைக்கக் கூடாது."

வியாழக்கிழமை போனபோது பாதியாக அறுத்த ஆயில் கேனை இன்ஜினுக்கு அடியில் வைத்து, கிராங்க் அறையின் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினார். அங்கே கொஞ்சம்தான் இருக்க வேண்டும். இது வந்துகொண்டே இருந்தது. புது போரின் இரும்புத்தூள் கலந்து, வெயிலில் வெள்ளிபோல மினுமினுத்தது. அரை லிட்டருக்கு மேல் இருக்கும்.

பழைய புல்லட்டில் ஆயில் டேங்க் இன்ஜின் கேஸுக்குள்ளேயே ஒரு தனி அறை. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை அனுப்பும், இன்னொன்று திருப்பிக் கொண்டுவரும். பம்பின் தட்டு சரியாகப் படியாவிட்டால், நிற்கிற வண்டியில் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கும். உதைத்ததும் அத்தனையும் போரில் அடித்துப் புகையாகும். இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து 1955-இல் திருவொற்றியூருக்கு வந்தபோதே கூட வந்த குணம் இது. புது ரிங், புது போர் எதற்கும் இதில் சம்பந்தமில்லை.

"நடுவுல ஆயில் ஊத்துனீங்களா சார்?"

ஊற்றியிருந்தேன். ஞாயிறுதோறும் உதைக்கும் முன் குச்சியை எடுத்துப் பார்ப்பேன். குறைந்திருக்கும். கால் லிட்டர் விடுவேன். பொறுப்பான பிள்ளை.

"டேங்க்ல இல்லாதது கீழ கெடக்குது சார். நீங்க மேல மேல ஊத்துனா அது எங்க போவும்?"

பம்ப் தட்டை பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைக்க அவருக்கு ஒரு மதியம் பிடித்தது. இன்ஜினை இறக்கவில்லை.

இந்த ஞாயிறு கிளப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் குச்சியைப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. சைலன்சருக்குள் ஊறிக்கிடந்த பழைய ஆயில் மட்டும் கொஞ்ச நேரம் எரிந்து தீர்ந்தது. அது பழைய பாக்கி என்று மாமியிடம் சொல்வதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.