வெறுஞ்சாலையில் நாற்பது

இலண்டனைச் சுற்றியோடும் எம்-25 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் 1995-இல் மாறும் வேக வரம்பு வந்தது. சாலைக்கடியில் பதித்த கம்பிச்சுருள்கள் நெரிசலை உணர்ந்ததும், மணிக்கு 70 மைல் என்னும் வரம்பு மேலேயுள்ள ஒளிப்பலகையில் 60, 50, 40 எனக் குறையும். பின்வருவோர் முன்கூட்டியே வேகம் தணித்தால், நின்று நின்று நகரும் தொல்லை குறையும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால், கண்ணுக்கெட்டிய தூரம் சாலை வெறிச்சோடிக் கிடக்க, ‘40’ மட்டும் ஒளிர்ந்தால்? கேமராவைக் கண்டதும் பிரேக்கை மிதித்து, தாண்டியதும் பறப்போர் உண்டு. (தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளர் முதுகைத் திருப்பியதும் நடப்பதை நான் எழுத வேண்டியதில்லை.) திடீர் பிரேக்கால் பின்வருபவருக்கன்றோ ஆபத்து!

ஓட்டுநரை மட்டும் குறைகூற நான் ஒப்பேன். நெரிசல் கலைந்த பின்னும் அணையாத பலகையை, மெய்யான விபத்தன்று யார் நம்புவார்? எண்ணோடு காரணமும் தவறாமல் ஒளிர வேண்டும். காரணம் தீர்ந்ததும் பலகை அணைய வேண்டும்.