முதல் நாள் இல்லாத முளையம்

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இஸ்ரேலின் வைஸ்மான் விஞ்ஞான நிறுவகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ஜேக்கப் ஹன்னா என்ற ஆய்வாளரின் குழு, விந்தும் சூலும் கருப்பையும் இல்லாமல், ஆய்வுகூடப் பாத்திரத்தில் மனித முளையத்தைப் போன்ற ஒன்றை வளர்த்திருந்தது. கருக்கட்டி 14 நாளான முளையத்தில் இருக்க வேண்டிய பகுதிகள் அதிலும் உரிய இடங்களில் இருந்தன. அது சுரந்த ஓமோனைச் சோதித்தபோது கர்ப்பப் பரிசோதனைக் கீற்று ‘ஆம்’ என்று காட்டியது. கர்ப்பிணி என்று அங்கே யாரும் இல்லை.

இதை அதிசயச் செய்தியாக வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட என்னால் முடியவில்லை. காரணம் எனது சாச்சி.

சாச்சிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டுமே ஆறாவது வாரத்துக்கு முன்னர் போயின. காரணம் சொல்ல முடியாது, பலருக்கும் இப்படி நடக்கிறது என்று வைத்தியர் சொல்லி அனுப்பினாராம். சாச்சியோ இன்றுவரை தான் தூக்கிய தண்ணீர் வாளியைத்தான் குற்றம் சொல்கிறார். அவரைப் போல எத்தனை பெண்கள் ஒரு வாளியையோ ஒரு பயணத்தையோ நினைத்துத் தம்மையே நொந்துகொண்டிருக்கிறார்கள்!

வைத்தியர் பொய் சொல்லவில்லை. கருப்பைச் சுவரில் பதிந்த பின்னர் முளையம் ஆய்வாளரின் கண்ணுக்கு மறைந்து விடுகிறது. ஆனால் முக்கியமான வேலைகள் எல்லாம் அப்போதுதான் நடக்கின்றன. இருதயம் துடிக்கத் தொடங்குவதும், மூளையும் முண்ணாணுமாக மாறப்போகும் குழாய் மூடிக்கொள்வதும் கருக்கட்டிய நான்கு வாரங்களுக்குள் நடந்து முடிகின்றன. தான் கர்ப்பிணி என்பதையே அறியாத பெண்கள் அந்த வேளையில் பலர். குழந்தைக்குத் திட்டமிடும்போதே குடும்பநல உத்தியோகத்தர் போலிக் அமில வில்லையைத் தருவது இந்த வாரங்களை எண்ணித்தான். 1950களின் இறுதியில் கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்ட தலிடோமைட் மருந்து, 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைபாடுகளுடன் பிறக்கக் காரணமானதும் இந்த ஆரம்ப வாரங்களில்தான். எலிகளில் வெளிப்படாத அந்தத் தீங்கு மனிதக் கருவில் வெளிப்பட்டது. மனித முளையத்தை ஒத்த ஒன்றை ஆய்வுகூடத்தில் அவதானிக்க முடியுமானால், இத்தகைய தீங்குகளை முன்னரே அறியும் வாய்ப்பு உண்டு. ஆகவே இந்த ஆய்வு வேண்டும் என்பதே எனது நிலைப்பாடு.

ஆனால் எந்த எல்லைக்குள்? அதற்கு விடை தேடச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆரம்ப நாட்களின் முளையத்தில் உடலின் எந்தக் கலமாகவும் மாறக்கூடிய கலங்கள் உள்ளன. இவையும் மூலக்கலங்களில் ஒரு வகை. ‘ஸ்டெம் செல்’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தொம்சன் அவற்றை மனித முளையத்திலிருந்து பிரித்து வளர்த்தார். அதற்காக முளையம் அழிக்கப்பட்டதால் பெரும் சர்ச்சை எழுந்தது. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்காவின் குழு, எலியின் சாதாரண உடற்கலங்களுக்குள் நான்கு பரம்பரையலகுகளைப் புகுத்தி அவற்றை மூலக்கலங்களைப் போல மாற்றியது. அடுத்த ஆண்டு மனிதக் கலங்களிலும் அது கைகூடியது. 2012இல் யமனாக்காவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இனி முளையத்தை அழிக்க வேண்டியதில்லை, சர்ச்சை ஓய்ந்தது என்று பலர் ஆறுதலடைந்தார்கள். ஓய்ந்ததாக நினைத்த சர்ச்சை இப்போது வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஹன்னாவின் குழு பயன்படுத்திய கலங்களில் ஒரு பகுதி, வளர்ந்த மனிதரின் தோல் கலங்களை மாற்றிப் பெற்றவை. அவையே ஒன்றுகூடி முளையத்தின் வடிவத்தை எடுக்கின்றன.

ஆய்வுகூட முளையங்களுக்கு ஏற்கெனவே ஒரு எல்லை இருந்தது. 1978இல் இங்கிலாந்தில் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுண் பிறந்த பின்னர், பிரித்தானிய அரசாங்கம் 1982இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவி மேரி வோர்னொக் ஒரு மெய்யியலாளர். மனித முளையத்தை 14 நாட்களுக்கு மேல் ஆய்வுகூடத்தில் வளர்க்கக் கூடாது என்று 1984இல் அக்குழு பரிந்துரைத்தது. 1990இல் அது சட்டமாகியது. ஏறத்தாழ 15ஆம் நாளில் முளையத்தில் ஒரு மெல்லிய கோடு தோன்றி, தலைப்பக்கம் எது, வாற்பக்கம் எது என்பதைக் குறிக்கிறது. அதன் பின்னர் ஒரு முளையம் இரட்டையர்களாகப் பிரிவது அரிது. தனியொரு உடல் தொடங்கும் இடமாக அதைக் கொண்டே அந்த நாள் தெரிவாயிற்று.

இந்த விதி கருக்கட்டிய நாளிலிருந்து எண்ணுகிறது. புதிய அமைப்புக்குக் கருக்கட்டலே இல்லை. எனவே அதற்கு முதலாம் நாளும் இல்லை. முதலாம் நாள் இல்லாததற்குப் பதினான்காம் நாளை எப்படிக் குறிப்பது?

ஆய்வாளர்கள் இதற்கு ‘முளைய மாதிரி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் சிறிய விடயமாகத் தோன்றலாம். 2021இல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இரு குழுக்கள், சில நாட்களே ஆன முளையத்தை ஒத்த அமைப்புகளை ஒரே காலத்தில் உருவாக்கின. அவுஸ்திரேலியாவில், தமது நாட்டுச் சட்டப்படி அதுவும் முளையமே என்று அனுமதிப்பத்திரக் குழு தீர்மானித்தது. பிரித்தானியாவில் முளையங்களுக்கான சட்டம் இவ்வகை மாதிரிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆய்வாளர்கள் விரும்பிப் பின்பற்றும் ஒரு நடைமுறைக் கோவை மட்டும் 2024இல் வெளியானது. ஒரே வகைப் பொருள் ஒரு நாட்டில் சட்டத்துக்கு உள்ளேயும் இன்னொரு நாட்டில் வெளியேயும் நிற்கிறது. தமிழ் மாணவிகளாகிய நமக்குச் சொல்லின் பலம் தெரியாததல்ல. சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு பெயர் மாத்திரம் முடிவு செய்ய விடக் கூடாது.

நமது மார்க்க அறிஞர்களுக்கும் நாட்களை எண்ணுவது புதிதல்ல. நுத்பா, அலகா, முத்கா என்ற படிநிலைகளைப் பற்றி அவர்கள் நூற்றாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். 120ஆம் நாளில் ரூஹ் ஊதப்படுகிறது என்பது அவர்களில் பெரும்பாலோர் கருத்து. 40 நாள் என்போரும் உளர். ஆனால் அந்த எண்ணிக்கையும் நுத்பாவிலிருந்தே தொடங்குகிறது. துளியில் தொடங்காத ஒன்றைப் பற்றி அன்றைய கிதாபுகளில் நேரடியான விடை இராது. அதைத் தேடும் பொறுப்பு இன்றைய ஆலிம்களுக்கும் ஆலிமாக்களுக்கும் உரியது. அவர்களுக்கு இந்த உயிரியலைச் சரியாக விளக்கிச் சொல்ல ஆட்களும் வேண்டும்.

சிலர் கேட்பார்கள்: இது குழந்தையாகவே வளர முடியாத வெறும் கலத்திரள்தானே, இதற்கு ஏன் இத்தனை யோசனை? அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஹன்னாவின் ஆய்வில் நூற்றில் ஏறத்தாழ ஒன்றே சரியான வடிவத்தை அடைந்தது. 2023இல் சீன ஆய்வாளர்கள் இத்தகைய குரங்கு அமைப்புகளை எட்டுக் குரங்குகளின் கருப்பையில் வைத்தார்கள். மூன்றில் கர்ப்பக் குறிகள் தென்பட்டாலும் ஒன்றும் நிலைக்கவில்லை. என்றாலும் ‘இன்று முடியாது’ என்பதை ‘என்றும் முடியாது’ என்று எடுத்துக்கொள்ள இயலாது. 2022இல் எலிக் கலங்களிலிருந்து உருவான அமைப்புகளில் இருதயம் துடித்தது. எல்லையை நெருங்கிய பிறகு எல்லை வகுக்க முற்பட்டால், ஏற்கெனவே செய்யப்பட்டதற்கு நியாயம் தேடுவதாகவே அது முடியும்.

ஆகவே எனக்குச் சரியெனப் படுவது இதுதான். நாட்களை எண்ணுவதற்குப் பதிலாக, அமைப்பில் என்ன தோன்றியிருக்கிறது என்பதைக் கொண்டு எல்லை வகுக்க வேண்டும். நரம்புத் தொகுதியின் தொடக்கம், துடிக்கும் இருதயம் போன்றவற்றில் எதற்கு முன் நிறுத்துவது என்பதை ஆய்வைத் தொடங்குமுன்னரே, அந்த ஆய்வில் பங்கில்லாதோர் அடங்கிய குழு தீர்மானிக்க வேண்டும். யாருடைய தோல் கலம் எடுக்கப்படுகிறதோ அவருக்கு, அதிலிருந்து என்ன உருவாக்கப்படும் என்பதைச் சொல்லி அனுமதி பெற வேண்டும். இந்த அமைப்புகளை எந்தக் கருப்பையிலும் வைக்கக் கூடாது என்று மூலக்கல ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2021இல் வழிகாட்டியிருக்கிறது. வழிகாட்டலை மீறுவோருக்குத் தண்டனை இல்லை. நாடுகள் அதைச் சட்டமாக்க வேண்டும்.

சகோதரிகளே, உயிரியல் படிக்கும் நம்மில் அநேகருக்கு வைத்தியராவதே கனவு. முளையவியல் ஆய்வாளராகும் கனவும் நம்மில் சிலருக்கு வரட்டும். மெய்யியலும் சட்டமும் ஷரீஆவும் படிக்கும் தோழியரே, இது விஞ்ஞானப் பிரிவின் சங்கதி என்று ஒதுங்க வேண்டாம். 14 நாள் விதியைத் தந்த குழுவின் தலைவி உங்கள் பக்கத்தவர். கருவைச் சுமப்பவர்களும் இழப்பவர்களும் பெண்கள். அதைப் பற்றிய விதிகள் எழுதப்படும் சபையில் விடயம் தெரிந்த பெண்கள் இருக்க வேண்டும்.

சாச்சியிடம் “அந்த வாளியால் அல்ல” என்று நான் பலமுறை சொல்லிவிட்டேன். “அப்படியென்றால் எதனால் மகள்?” என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அந்தப் பதிலை நேர்மையான வழியில் தேடுவோருடன் நானும் ஒருத்தியாக இருக்க விரும்புகிறேன்.