வரி காலனியிலும் வசூல். நூலகம் மட்டும் ஊருக்கா?

செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுப் பாறையில் மகேந்திரவர்மன் பொறித்து வைத்திருக்கிறான். வடமொழிக் கல்வெட்டு அது. உளி பிடித்த கைகளின் பெயர் அதில் இல்லை. இன்றைய நம் அரசுகளின் பெருமை நேர் எதிரானது. செங்கல் உண்டு, சிமெண்ட் உண்டு, திறப்பு விழாக் கல்வெட்டும் உண்டு. அந்தக் கட்டிடத்துக்குள் நம் குழந்தை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2006க்கும் 2011க்கும் இடையில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆட்சி மாறியது, பல இடங்களில் பூட்டுத் தொங்கியது. புத்தகங்கள் கரையானுக்குப் போயின.

பூட்டு எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்பார்கள். இல்லை, தோழர்களே. ஊர்த்தெருக் குழந்தைக்கு வீட்டில் புத்தகம் இருக்கலாம், டியூஷன் இருக்கலாம், படித்த சித்தப்பா இருக்கலாம். காலனிக் குழந்தைக்குப் பள்ளி விட்டால் கதைப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க இருக்கும் ஒரே இடம் நூலகம்தான். அதைப் பூட்டினால் முதலில் வெளியே நிற்பது அந்தக் குழந்தைதான்.

திறந்திருக்கும் இடத்திலும் கதை வேறல்ல. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நாங்கள் வேலை செய்யும் கிராமங்களில் நூலகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஊருக்குள், கோயில் பக்கம். காலனிப் பெண்பிள்ளை அங்கே போக மூன்று தெரு தாண்ட வேண்டும். ‘எங்கடி போற?’ என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த நாள் அவள் போகமாட்டாள். இதே மாவட்டத்தின் மேல்பாதியில் தலித்துகள் கோயிலுக்குள் வரக்கூடாது என்ற பிரச்சினையில் 2023ல் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ‘யாரும் தடுக்கவில்லையே, நீங்கள்தானே வருவதில்லை’ என்று சொல்வது அறியாமை அல்ல, தந்திரம்.

‘பொது’ என்ற சொல் நமக்கு யாரும் தானமாகத் தந்ததல்ல. பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொதுக்கட்டிடம் எல்லோருக்கும் உரியவை என்று 1924ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து வென்றவர் இரட்டைமலை சீனிவாசன். நூலகமும் பொதுக்கட்டிடம்தான்.

பணமும் நம்முடையது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் இந்தியாவில் இத்தகைய முன்னோடிச் சட்டம். அதன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வசூலாகிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். காலனி வீட்டுக்குத் தள்ளுபடி கிடையாது. வரி வாங்கும்போது சேரி, ஊர் என்று பிரிக்காத அரசு, நூலகத்தை மட்டும் ஏன் ஊருக்குள் வைக்கிறது?

சென்னை கோட்டூர்புரத்தில் 2010லும் மதுரையில் 2023லும் திறந்த பெரிய நூலகங்களில் குழந்தைகளுக்கென்றே அழகான தனிப்பிரிவுகள் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோட்டூர்புரம் போவாளா? கர்நாடகத்தைப் பாருங்கள். 2019ல் கிராம நூலகங்களை ஊராட்சித் துறையின்கீழ் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே பிள்ளைகளை இலவச உறுப்பினராகச் சேர்க்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இங்கேயும் முடியாதது அல்ல. 2021ல் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்ததே நம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில்தான். தன்னார்வலர் மாலையில் குடியிருப்புக்கே வர முடிந்தது என்றால், புத்தகப் பெட்டி வர முடியாதா?

நாம் கேட்பது இவைதான். காலனிக்குள் அல்லது காலனிக் குழந்தை அச்சமின்றி நடந்துபோகும் இடத்தில் நூலகம். வேலை முடிந்து அம்மாக்கள் வரக்கூடிய மாலை நேரம். அம்மாவும் குழந்தையும் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்க, கதை கேட்க ஒரு பாய். எழுத்துத் தெரியாத ஆயா சொல்லும் கதையும் நூலக நிகழ்ச்சிதான். ஜாமீன் கையெழுத்து கேட்காத குழந்தை உறுப்பினர் அட்டை. அம்பேத்கரையும் அயோத்திதாசரையும் சிறுவர்களுக்குச் சொல்லும் புத்தகங்கள். மதிப்பூதியம் அல்ல, சம்பளம் வாங்கும் நூலகர். அவர்களில் நம் பெண்களும்.

மாணவத் தோழர்களே, இந்த அக்டோபர் 2 கிராமசபைக்குச் சும்மா போகாதீர்கள். அதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: எங்கள் ஊராட்சியில் வசூலான நூலக வரி எவ்வளவு, எங்கள் நூலகத்துக்குச் செலவானது எவ்வளவு, உறுப்பினராக உள்ள குழந்தைகள் எத்தனை பேர்? பதிலோடு போய், தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள்.

சலுகை கேட்டு நாம் போகவில்லை. கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்கப் போகிறோம்.

ஜெய் பீம்!