மெஷினில் ஏறி இறங்கியவர்கள்

"டயாலிசிஸ் மெஷினில் ஏறினவன் இறங்கினதே இல்லை." மருந்தில்லா மருத்துவம் பேசும் மேடைகளில் இந்த வசனத்துக்குக் கைதட்டல் விழுவதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பேசியவர் மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கேட்டவரோ, கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போக, டாக்டர் குறித்த தேதியைத் தள்ளிப்போடுகிறார்.

யாரும் இறங்கவில்லையாம். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு என்று திடீரெனச் சிறுநீரகம் நின்றுபோய் வருகிறவர்களில் பலர், சில முறை டயாலிசிஸ் செய்து, சிறுநீர் பழையபடி பிரிந்ததும் வீடு திரும்புகிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் மெஷினை விட்டு இறங்கியவர்கள்தான்.

"ஏறினாலும் இரண்டு வருஷம்தான்" என்பது அடுத்த வாதம். 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளியின் கையில் டெஃப்லான் குழாய் பொருத்தித் தொடர் டயாலிசிஸைத் தொடங்கினார். ரத்தசோகைக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி இல்லாத காலம் அது. ஷீல்ட்ஸ் 11 ஆண்டுகள் வாழ்ந்து 1971-இல் மாரடைப்பில் இறந்தார். முதல் நோயாளிக்கே இவ்வளவு.

"எங்கள் தெருவிலேயே ஒருவர் சேர்ந்த மூன்றாம் மாதம் போய்விட்டார்" என்பார்கள். அவர் எந்த நிலையில் போய்ச் சேர்ந்தார் என்று ஏன் யாரும் கேட்பதில்லை? இந்த வசனத்தை நம்பிக் கஷாயம் குடித்து மாதங்களைக் கடத்தி, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு வாங்க நடுராத்திரியில் வந்திருப்பார். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலா தயாராக இல்லை. அது பக்குவப்படவே ஆறு வாரமாவது ஆகும். வேறு வழியின்றிக் கழுத்தில் குழாய் போடுவார்கள். அந்தக் குழாய் வழியே கிருமி ரத்தத்தில் ஏறும். அதன்பிறகும் வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்ற கணக்கை, காசையும் பஸ் தூரத்தையும் பார்த்து இரண்டாகக் குறைப்பார்கள். இடைவெளி நீண்டால் நீரும் பொட்டாசியமும் சேர்ந்து இதயத்தைத் தாக்கும். 32,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணம் கூடுதல் என்று காட்டியது. வாரம் மூன்று முறை செய்துகொண்டவர்களுக்கே அப்படி. தெருக்காரரின் சாவுக்கு மெஷினைக் குற்றம் சொல்கிறவர்கள், அவரைத் தாமதப்படுத்திய பேச்சுக்கு ஒரு நாளும் பொறுப்பேற்றதில்லை.

"அது ஒரு வாழ்க்கையா?" தாகம், அரிப்பு, அசதி எல்லாம் உண்டுதான். மெஷினை விட்டு இறங்கிய மறுநாள் கடை திறக்கிறவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வயிற்று வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ள, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எந்த மேடையிலாவது இதைச் சொன்னதுண்டா?

கிரியாட்டினின் ஏறுகிறதென்று ரிப்போர்ட் வந்திருந்தால் சிறுநீரக மருத்துவரிடம் ஃபிஸ்டுலாவைப் பற்றி இப்போதே கேளுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை, நீங்கள் வலக்கைப் பழக்கமுள்ளவரானால், ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஏற்றவோ இடது கையை நீட்டாதீர்கள். அந்த நரம்பு உங்களுக்கு வேண்டும்.