பிராய்டைச் சிரிக்காமல்தான் படிக்க வேண்டுமா?

பகிடி விட்டால் பாடம் பழுதாய்ப் போய்விடும் என்ற நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் ஆழ வேரோடியிருக்கிறது. ரியூட்டரி முதல் பல்கலைக்கழக விரிவுரை மண்டபம் வரை, இறுகிய முகமும் நீண்ட குறிப்புமே நல்ல ஆசிரியருக்கு அடையாளம் என்று பலர் எண்ணுகிறார்கள். உளப்பகுப்பாய்வைக் கற்பிக்கையில் இந்த எண்ணம் நேரடியாகத் தீங்கு செய்கிறது. சிரிக்கப் பயப்படும் வகுப்பு கேள்வி கேட்கவும் பயப்படும். அங்கே கட்டுக்கதையும் குறிப்பாக எழுதப்பட்டு, பாடமாக்கப்பட்டு, சோதனையில் புள்ளியும் வாங்கிவிடுகிறது.

அன்னா ஓ. என்ற பெண்ணைப் பிராய்ட் பேசவைத்தே குணப்படுத்தினார் என்பது அப்படியொரு கதை. அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் பிராய்டின் மூத்த நண்பர் யோசெப் புரொயர். அவள் குணமாகவும் இல்லை: அந்த வைத்தியம் முடிந்த 1882ஆம் ஆண்டிலேயே சுவிற்சர்லாந்தின் குறொய்ற்ஸ்லிங்கன் நகரிலிருந்த மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். புரொயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூல் இதைச் சொல்லவில்லை. பெர்த்தா பப்பன்ஹைம் என்ற சொந்தப் பெயரில் 1904இல் யேர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவியவளும் அவளே. தனக்கு நடந்த சிகிச்சையைப் புகைக்கூடு துடைக்கிற வேலை என்று அவள் பகிடியாகச் சொல்வாளாம். நோயாளியே சிரித்த இடத்தில் விரிவுரையாளர் ஏன் முகத்தை இறுக்க வேண்டும்?

பிராய்ட் 1905இல் நகைச்சுவை பற்றித் தனி நூலே எழுதினார். அதில் ஒருவன் கடன் வாங்கிய கையோடு உயர்ந்த மீன் உணவு சாப்பிடுகிறான். கடன் கொடுத்தவர் ஏசுகிறார். காசில்லாதபோது சாப்பிட முடியாது, இருக்கும்போது சாப்பிடக் கூடாது என்றால் எப்போதுதான் சாப்பிடுவது என்று அவன் திருப்பிக் கேட்கிறான். கேள்வி எப்படித் திசைமாறியது என்று மாணவர் கண்டுபிடித்தால் போதும். கனவில் அழுத்தம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடப்பெயர்ச்சியும் விளங்கிவிடும். பத்துப் பக்கக் குறிப்பு இதைச் செய்யாது.

பகிடி என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது: சுருட்டு சிலவேளை வெறும் சுருட்டுத்தான் என்று பிராய்ட் சொன்னதற்குச் சான்றில்லை.

போர் தின்ற மண்ணில் மனநோயைப் பற்றிச் சிரிப்பதா என்று சிலர் கேட்பார்கள். போர் விட்ட மனக்காயங்களின் ஆழத்தை யாழ். மருத்துவபீடப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலாகவே எழுதினார். ஆனால் நோயாளியைப் பார்த்து ‘விசர்’ என்று சிரிக்கும் சிரிப்பு சந்திக்குச் சந்தி ஏற்கெனவே இருக்கிறது. தெல்லிப்பழை மனநலப் பிரிவுக்குப் போக ஆட்களைக் கூச வைப்பதும் அதுதான். வகுப்பில் வேண்டியது கட்டுக்கதையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அன்னா ஓ. பாடத்தைக் குறொய்ற்ஸ்லிங்கனிலிருந்தே தொடங்கட்டும்.