கோமகன் திறந்த கதவு

திறந்து வைப்பதையே தொழிலாக, அந்தத் தொழிலையே வாழ்வாகக் கொண்டவர்கள் இவ்வுலகில் உண்டு தோழர்களே! நாற்று நட்டறியார், நூல் நூற்றறியார், சுத்தியல் தூக்கியறியார். பிறந்தார்கள், பட்டம் பெற்றார்கள். நாடாவை வெட்டினார்கள், கல்லை நாட்டினார்கள். கை குலுக்கினார்கள், கப்பலேறினார்கள். பிரிட்டிஷ் அரச குடும்பத்திலே, அரியணை ஏறும் வரிசையில் வெகுதூரம் பின்னே நிற்கும் இளையவர்களின் வாழ்வு இது. இதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயர் 'பொதுக் கடமை'!

அப்படியொருவர் நமது சென்னைக்கும் வந்தார். ஆண்டு 1921, நாள் ஜனவரி 12. வந்தவர் கன்னாட் கோமகன் ஆர்தர். விக்டோரியா மகாராணியின் மூன்றாவது மகன். அன்று முடி தரித்திருந்த ஐந்தாம் ஜார்ஜுக்குச் சிற்றப்பன். வயது எழுபது. உண்மையில் வரவேண்டியவர் வேல்ஸ் இளவரசர். அவருடைய பயணம் தள்ளிப்போனதால் இந்த முதியவர் அனுப்பப்பட்டார். கவர்னர் வில்லிங்டன் அழைத்தார். மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தால் பிறந்த முதல் சென்னைச் சட்டமன்றத்தைக் கோமகன் திறந்து வைத்தார். அடுத்த மாதமே தில்லியில், இன்று இந்தியா கேட் என்று அழைக்கப்படும் நினைவுச் சின்னத்துக்கு ஒரு கல். பாராளுமன்றக் கட்டடத்துக்கு ஒரு கல். கடமை முடிந்தது, கப்பல் கிளம்பியது.

காங்கிரசு அவர் வருகையைப் புறக்கணித்தது. காந்தியார் அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். நீதிக்கட்சித் தலைவர்கள் அந்த மன்றத்தில் ஆளுங்கட்சியாக வீற்றிருந்தார்கள். இதை மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. கோமகன் திறந்த கதவு வழியாக நம் முன்னோர் உள்ளே போனார்கள் என்று இன்றும் சிலர் ஏளனம் செய்கிறார்கள். போனார்கள், உண்மை. போய் என்ன செய்தார்கள்? கேள்வி அதுவல்லவா!

அந்தக் கேள்விக்கு விடை காண, சென்னையிலிருந்து கடல் கடந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு ஒரு நொடி போய் வருவோம். 1910-ஆம் ஆண்டு அங்கே புதிதாக ஒரு பாராளுமன்றம் கூடியது. அதைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? இதே கன்னாட் கோமகன்! அதே பரம்பரை, அதே பதக்கம், அதே புன்னகை. ஆனால் அந்த மன்றத்திலே ஐரோப்பிய வழிவந்தவர் தவிர வேறெவரும் உறுப்பினராக உட்கார முடியாது. மண்ணின் மக்களுக்கு அந்த மண்ணின் மன்றத்திலே இடமில்லை. மூன்றே ஆண்டுகளில், 1913-இல், அந்த மன்றம் ஒரு நிலச் சட்டம் செய்தது. நாட்டின் மிகப் பெரும்பான்மையரான கறுப்பின மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 7 விழுக்காடு! 1948-க்குப் பிறகு நிறவெறியே அங்கே அரசாங்கமாயிற்று. 1994-இல்தான் எல்லா நிறத்தவரும் ஒன்றாக வாக்களிக்க முடிந்தது.

சென்னையிலே நடந்தது என்ன? முழு உரிமை வந்துவிடவில்லை. நாலு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் பேருக்கே வாக்கு. சொத்து உள்ளவனுக்குச் சீட்டு, இல்லாதவனுக்குப் பூட்டு. பெண்ணுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் கோமகன் வந்துபோன மூன்றாம் மாதத்திலே, 1921 ஏப்ரல் 1 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானம் அந்த மன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் முதல் வகுப்புரிமை ஆணை வந்தது. 1922-இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானம், இழிவுப் பெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று எழுதவைத்தது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் எழுந்தார். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கண்டார். பனகல் அரசர் ஆட்சியில் 1922-இல் கொண்டுவரப்பட்ட இந்து அறநிலைய மசோதா 1925-இல் சட்டமாயிற்று. மடங்களும் ஆதீனங்களும் நிறைந்த இந்தத் தஞ்சைத் தரணியிலே, கோயில் சொத்துக்குக் கணக்குக் காட்டு என்று கேட்கும் துணிவு அங்கே பிறந்தது.

பனகல் அரசரும் ஜமீன்தார்தானே, ராஜா பட்டம் சுமந்தவர்தானே என்பீர்கள். ஆம். ஆனால் அவர் பட்டத்தை இன்று யார் நினைக்கிறார்கள்? சட்டத்தை நினைக்கிறோம்.

இரண்டு மன்றம். திறந்த கை ஒன்றே. ஒன்று பூட்டாயிற்று, மற்றொன்று படியாயிற்று. ஆகவே, திறந்தவருக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. உள்ளே உட்கார்ந்தவர் யார், அவரை அனுப்பியவர் யார், அவர் யாருக்காக எழுந்து பேசினார்: இவையன்றோ வரலாற்றைத் தீர்மானித்தன!

ஆனால் பெயர் யாருக்கு மிஞ்சியது? தில்லியிலே கன்னாட் பிளேஸ் இன்னும் இருக்கிறது. அரசு வேறு பெயர் சூட்டியும் மக்கள் நாவில் பழைய பெயரே புரள்கிறது. இங்கே திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில், அணைக்கரையிலே, 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. ஆர்தர் காட்டன் பெயரையாவது நாம் அறிவோம். கல் சுமந்தவன் பெயர்? மண் வெட்டியவள் பெயர்? கல்வெட்டிலே இல்லை, வாய்க்காலிலே ஓடுகிறது.

திருப்பனந்தாள் கோயிலுக்கு ஒரு புராணம் உண்டு. தாடகை என்னும் பெண்ணின் மாலையை ஏற்கச் சிவலிங்கம் சாய்ந்ததாம். அரசன் அதை நிமிர்த்த யானைகளைக் கட்டி இழுத்தானாம், அசையவில்லை. கட்டிய மனைவியின் தாலியையும் விற்றுக் குங்கிலியம் வாங்கிய ஏழைக் கலயனார் வந்து, கயிற்றைத் தன் கழுத்தில் பூட்டி இழுத்தாராம், நிமிர்ந்ததாம். கல் சாய்வதும் நிமிர்வதும் பகுத்தறிவுக்கு ஒத்ததல்ல. நாம் நம்புகிறவர்களும் அல்லர். ஆனால் கதை கட்டியவர்களுக்கே ஓர் உண்மை தெரிந்திருக்கிறது. அரசனின் யானைப் படையால் நிமிராதது, ஏழை கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டால் நிமிரும்!

இன்று இலண்டனில் நிலை என்ன? அரச குடும்பத்தார் எத்தனை விழாவுக்குப் போனார்கள் என்று அரண்மனை நாள்தோறும் குறிப்பு வெளியிடுகிறது. 1803-இல் மூன்றாம் ஜார்ஜ் தொடங்கிய வழக்கம் அது. விழாவை எண்ணித்தான் உழைப்பை அளக்கிறார்கள். அங்கேயும் பிறப்பு காப்பாற்றவில்லை. 2025 அக்டோபரில் மன்னர் சார்லஸ் தம் உடன்பிறந்த தம்பி ஆண்ட்ரூவின் 'இளவரசர்' பட்டத்தையே நீக்குவதாக அறிவிப்பு வந்தது. பிறப்போடு வந்தது, ஒரு தாளோடு போயிற்று!

நம்மவர்க்கு ஒரு சொல். விழாக்களை எண்ணும் நோய் நமக்குத் தொற்றலாகாது. பொன்னாடை எத்தனை, புகைப்படம் எத்தனை என்று எண்ணும் கழகத் தோழன், தெரியாமலே குட்டிக் கோமகனாகிறான். அர்ச்சகர் பதவி பரம்பரைச் சொத்தல்ல என்று 1970-இல் சட்டம் செய்தவர்கள் நாம். 1972-இல் உச்சநீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அந்த அளவுகோலை ஊரார் நம்மீதும் வைப்பார்கள், வைக்கத்தான் வேண்டும். வாரிசு என்பதால் வருவதல்ல தொண்டு.

ஊரிலே நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாழைமரம் கட்டி, பிரமுகருக்காகக் காத்திருப்பது பெரிதா? சாக்கு வந்ததா, சணல் வந்ததா, தார்ப்பாய் உண்டா, தராசு நேராக நிற்கிறதா, சுமைதூக்கும் தொழிலாளிக்குக் கூலி உரிய நாளில் கிடைக்கிறதா, எடுத்த நெல்லை ஏற்றிச் செல்ல லாரி வருகிறதா என்று பார்ப்பது பெரிதா? குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும் மண் இது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் குவித்த நெல்லோடு விழி பிதுங்கி நிற்பவன் குத்தகை உழவன். நாடாவுக்காகக் காத்திருக்கும் ஒரு நாளில் முளைவிடும் நெல், எந்தத் தலைவருக்கும் மாலையாகாது.

நாடா வெட்டக் கத்தரிக்கோல் போதும். மறுநாள் காலை, கூட்டம் கலைந்து, பந்தல் பிரித்த பிறகு, அந்தக் கட்டடத்துக்குள் போய்க் கணக்குக் கேட்பவன் எவனோ, அவனே தொண்டன். 1921-இல் கோமகன் கப்பலேறிய பிறகுதான் நம் மன்றம் வேலையைத் தொடங்கியது. விழா முடிந்த பிறகே நம் வேலையும் தொடங்கட்டும்!